கிவிப் பறவையும் அதன் இரவுக் குரலும்

நியூஸிலாந்து நாட்டின் ஒரு டாலர் நாணயத்தில், வாலற்றதும் நீண்ட அலகுடையதுமான ஒரு பறவையின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாட்டு மக்கள் தங்களையே அப்பறவையின் பெயரால் கிவிகள் என்று அழைத்துக்கொள்வர். இன்று பழக்கடைகளில் விற்கப்படும் கிவிப் பழத்துக்கும் பெயர் வந்தது இப்பறவையிடமிருந்துதான். சீனத்திலிருந்து கொண்டு வந்து பயிரிடப்பட்ட அப்பழத்தை ஏற்றுமதி செய்த நியூஸிலாந்து வணிகர்கள் 1959-இல் அதற்கு இப்புதுப் பெயரைச் சூட்டினர். இவ்வளவு பெயர் பெற்ற பறவையாயினும், அதனைக் காட்டில் உயிருடன் கண்ட நியூஸிலாந்து மக்கள் மிகச் சிலரே ஆவர்.

இதற்குக் காரணம் பறவையின் வாழ்க்கை முறையே. பகல் முழுவதும் மண்வளையிலோ, வீழ்ந்த மரத்தின் பொந்திலோ, அடர்ந்த புதரின் அடியிலோ அது உறங்கிக் கிடக்கும். நன்றாக இருட்டிய பின்னரே இரை தேடப் புறப்படும். அதன் நிறம் காய்ந்த சருகின் நிறம். சிறகடிக்கும் ஓசையால் அதனைக் கண்டுகொள்ளவும் வழியில்லை. ஏனெனில் அது பறப்பதேயில்லை. ஆகவே கிவி ஓரிடத்தில் இருக்கின்றதா என்பதை அறியக் கண்ணைவிடக் காதே சிறந்த கருவியாகின்றது. வடக்குத் தீவின் பல ஊர்களில், தம் வீட்டுக் கொல்லைக்கு அப்பாலுள்ள ஓடைக்கரைப் புதரில் கிவி வாழ்கின்றது என்பதை மக்கள் அறிந்ததும் அதன் குரலைக் கொண்டேதான். அக்குரலைக் கேட்டு எண்ணும் வேலை அந்நாட்டில் ஒழுங்கான விஞ்ஞான முறையாக வளர்ந்துள்ளது. அம்முறை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

பறவையின் அமைப்பு

கிவி, தீக்கோழி, ஈமு முதலிய பறக்காத பெரும் பறவைகளோடு உறவுடையது; ஆயினும் அளவில் நாட்டுக்கோழியை ஒத்தது. 1813-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கில இயற்கை நூல் வல்லுநர், கப்பல் வழியே இங்கிலாந்து வந்து சேர்ந்த ஒரே ஒரு தோலைக் கொண்டு இதனை விவரித்து, ஆப்டெரிக்ஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குச் சிறகற்றது என்பது பொருள். அப்பெயர் முற்றிலும் சரியன்று. சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிறகு கிவிக்கு உண்டு. அதன் நுனியில் ஒரு சிறு நகமும் உண்டு. மயிரைப் போல் தொங்கும் இறகுகளுக்குள் அது புதைந்து கிடப்பதால் வெளியே தெரிவதில்லை. நியூஸிலாந்தில் வாழ்ந்து அழிந்த மோவா என்னும் மாபெரும் பறவையே கிவியின் நெருங்கிய உறவு என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. பண்டைய எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ. பொருளை ஆராய்ந்தவர்கள் 2014-இல் வேறொரு முடிவை வெளியிட்டனர்: மிக நெருங்கிய உறவு, இந்து மகா சமுத்திரத்துக்கு அப்பால் மடகாஸ்கர் தீவில் வாழ்ந்து மறைந்த யானைப்பறவையே என்பது அம்முடிவு.

கிவியில் ஐந்து இனங்கள் உள்ளன. வடக்குத் தீவின் பழுப்புக் கிவி, தெற்குத் தீவின் பெரும்புள்ளிக் கிவி, மிகச் சிறியதான சிறுபுள்ளிக் கிவி, ஒக்காரிட்டோ காட்டில் மட்டும் இயற்கையாக எஞ்சி நின்ற ரோவி, தெற்குக் கோடியிலும் ஸ்டூவர்ட் தீவிலும் வாழும் டோக்கோயேக்கா என்பன அவை. மனிதக் குடியிருப்புகளுக்கு மிக அருகில் வாழ்வது பழுப்புக் கிவியாகும். இக்கட்டுரையில் பெரும்பாலும் அதுவே பேசப்படுகின்றது. இவ்வினத்தில் பெண் பறவை ஆணைவிடப் பெரியது. பெண்ணின் எடை சுமார் 2.8 கிலோகிராம், ஆணின் எடை சுமார் 2.2 கிலோகிராம்.

வௌவால்களைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டி எதுவும் இயற்கையில் இல்லாத நாடு நியூஸிலாந்து. பிற நாடுகளில் இரவில் தரையை முகர்ந்து புழுவும் பூச்சியும் தேடும் சிறு விலங்குகளின் இடத்தை அங்குக் கிவியே பிடித்துக்கொண்டது. பறவைகளுக்குள் கிவிக்கு மட்டுமே நாசித் துளைகள் அலகின் நுனியில் அமைந்துள்ளன. அலகை மண்ணில் செலுத்தி, முகர்ந்து, மண்ணுக்குள் நெளியும் புழுவை அது கண்டுபிடிக்கும். அலகின் நுனியில் மிக நுண்ணிய குழிகளும் உள; இரை அசையும்போது மண்ணில் எழும் அதிர்வை அவை உணர்கின்றன. மண் நாசியில் அடைத்துக்கொள்வதால், அதனை வெளியேற்றக் கிவி அடிக்கடி பலமாக மூச்சை ஊதும். சளி பிடித்த குழந்தை மூக்குறிஞ்சுவதைப் போன்ற இவ்வோசையே, சில அடி தொலைவில் கிவி இருப்பதற்கு முதல் அடையாளம். அது மேய்ந்து சென்ற நிலத்தில் விரல் நுழையும் அளவிலான கூம்பு வடிவக் குழிகள் காலையில் காணப்படும். தோட்டத்தில் இத்தகைய குழிகளைக் கண்டு, முதலில் எலியையோ பன்றியையோ குறை கூறியவர்களும் உண்டு.

கண்பார்வையைக் கிவி பெரிதும் நம்பியிருப்பதில்லை. ஒக்காரிட்டோ காட்டில் ரோவிப் பறவைகளைப் பரிசோதித்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றுள் சில முற்றிலும் குருடாக இருந்தும் நல்ல உடல்நிலையில் வாழ்ந்து வருவதைக் கண்டு 2017-இல் அறிவித்தனர். மோப்பம், தொடுவுணர்ச்சி, செவி ஆகிய மூன்றுமே காட்டில் அதற்குப் போதியவையாக உள்ளன.

வகுப்பறையில் கிவியைப் பற்றிக் கூறும் ஆசிரியருக்கு அதன் முட்டையைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கோழியளவான இப்பறவையின் முட்டை சுமார் 450 கிராம் எடையுள்ளது. அதாவது தாயின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. எட்டு கோழி முட்டைகளைத் தட்டில் வைத்து, இவ்வளவும் சேர்ந்து ஒரே முட்டை என்று மாணவர்க்குக் காட்டலாம். பழுப்புக் கிவியில் அடைகாப்பது ஆணின் கடமை. அது இரண்டரை மாதத்துக்கும் மேலாக நீடிக்கும். முட்டையில் மஞ்சட்கரு மிகுதியாதலின், குஞ்சு முழு இறகுடன் பொரிந்து, முதற்சில நாட்கள் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவையே உணவாகக் கொள்ளும். பின்னர் தானே வெளியே வந்து இரை தேடத் தொடங்கிவிடும். தாயோ தந்தையோ அதற்கு இரை ஊட்டுவதில்லை. இச்செய்தி பின்னால் வேண்டப்படும்.

குரலும் கேட்பவரும்

ஆண் கிவியின் குரல் கூரிய சீழ்க்கை. அது தாழத் தொடங்கி மேலேறி முடியும். ஒரு முறை எழுப்பினால் பதினைந்து, இருபது தடவைகள்கூட விடாமல் தொடரும். கிவி என்னும் மாவோரிப் பெயரே இச்சீழ்க்கையின் ஓசையிலிருந்து பிறந்தது எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. பெண்ணின் குரலோ முற்றிலும் வேறானது. அது தடித்துக் கரகரத்து, தொண்டையைச் செருமுவது போன்று மெதுவாக ஒலிக்கும். முதன்முறை கேட்பவர் அதனைப் பறவையின் குரல் என்றே நம்பமாட்டார். பல சமயங்களில் ஆண் அழைத்து முடித்த சிறிது நேரத்தில் பெண் மறுமொழி கூறும்; இருவரும் சேர்ந்து குரல் கொடுப்பதும் உண்டு. இது துணையோடு தொடர்பு கொள்வதற்கும், இந்நிலம் எங்களுடையது என்று அண்டைப் பறவைகளுக்கு அறிவிப்பதற்கும் பயன்படுகின்றது. காற்றடங்கிய இரவில் ஆணின் குரல் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இருட்டிய பின் முதல் இரண்டு மணி நேரமே குரல் மிகுதியாக எழும் காலம். ஆண்டில் மே முதல் ஆகஸ்ட் வரையுள்ள மாதங்கள், அதாவது தென்கோளத்தின் குளிர்காலம், கேட்பதற்கு ஏற்றவை; இனப்பெருக்கம் தொடங்கும் பருவமும் அதுவே. நிலவொளி மிகுந்த இரவுகளில் பறவைகள் குறைவாகக் குரல் கொடுக்கும் என்பதால், கேட்பதற்கு அமாவாசையை ஒட்டிய இரவுகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

நார்த்லாந்து என்பது ஆக்லாந்து நகருக்கு வடக்கே நீண்டு கிடக்கும் தீபகற்பம். அங்குப் பெருங்காடுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டு, புல்வெளிகளும் பழத்தோட்டங்களும் பைன் மரத் தோப்புகளுமாகிவிட்டன. ஓடைகளின் சரிவிலும் குன்றுகளின் உச்சியிலும் மட்டும் துண்டு துண்டாகப் பழைய காடு நிற்கின்றது. பழுப்புக் கிவி இத்துண்டுகளில் வாழ்ந்து, இரவில் அருகிலுள்ள புல்வெளிக்கு இறங்கி மேய்கின்றது. கெரிகெரி ஊரின் பழத்தோட்டங்களை ஒட்டியும், வாங்கரே துறைமுகத்தின் வாயிலிலுள்ள கடற்கரைக் குடியிருப்புகளை ஒட்டியும் கிவிகள் உண்டு. கிவி கடக்கும் இடம், மெதுவாகச் செல்க என்று எச்சரிக்கும் பலகைகளைச் சாலையோரத்தில் காணலாம்.

இத்தகைய இடங்களில்தான் ஆண்டுதோறும் குரற்கணக்கு எடுக்கப்படுகின்றது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் ஊழியர்களோடு விவசாயிகள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள் முதலியோரும் இதில் பங்கு கொள்கின்றனர். முறை எளியது. குன்றின் முகட்டில், நாற்புறமும் ஒலி வந்தடையும்படியான ஓர் இடம் கேட்கும் நிலையமாகக் குறிக்கப்படும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே தேதிகளில், நான்கு இரவுகள், இரவுக்கு இரண்டு மணி நேரம் ஒருவர் அமர்ந்து கேட்க வேண்டும். மே மாத முடிவில் அங்கு மாலை 6 மணிக்கே இருட்டிவிடும். கம்பளிச் சட்டை, திசைகாட்டி, கடிகாரம், பென்சில், சிவப்புத் தாள் சுற்றிய மின்விளக்கு ஆகியவையே கருவிகள். குரல் எழுந்தவுடன் நேரம், ஆணா பெண்ணா என்பது, திசை, உத்தேசமான தூரம் ஆகியவை தாளில் குறிக்கப்படும். காற்றின் வேகம், மேகம், மழை, நிலத்தின் ஈரம், அருகில் ஓடும் ஓடையின் இரைச்சல் ஆகியவற்றையும் எழுத வேண்டும். முடிவில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை குரல்கள் என்னும் எண் கிடைக்கும்.

ஒரு குரலும் கேட்காத இரவுக்கும் தாள் உண்டு. அதில் இரண்டு மணி நேரம் கேட்கப்பட்டது, குரல் இல்லை என்று எழுதி, நேரமும் வானிலையும் குறித்தே அனுப்ப வேண்டும். சுவையற்ற இரவு என்று கருதி அத்தாளை அனுப்பாது விட்டால், கணக்கில் நல்ல இரவுகள் மட்டுமே தங்கிப் பறவை பெருகியதாகப் பொய்த் தோற்றம் ஏற்பட்டுவிடும். களப்பணியில் பழகியவர்கள் யாவரும் இப்பிழையை வேறு வேறு உருவங்களில் கண்டிருப்பர்.

புதியவர் தவறக்கூடிய இடங்களும் உள. வெக்கா என்னும் மற்றொரு பறக்காத பறவை, அந்தி நேரத்தில் மேலேறும் சீழ்க்கையாகவே கத்தும். கிவிக் குரலைப் போல அது நீண்டு தொடர்வதில்லை என்பதே வேறுபாடு. ரூரு என்னும் சிறு ஆந்தையின் குரலும், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்து விடப்பட்ட பாஸம் என்னும் விலங்கின் கரகரப்பும் பெண் கிவியாகக் குறிக்கப்பட்டதுண்டு. ஆகையால் பதிவு செய்த ஒலிகளைப் பகலில் கேட்டுப் பயின்ற பின்னரே ஒருவர் முகட்டுக்கு அனுப்பப்படுகிறார். ஆனால் அப்பதிவைக் காட்டில் இரவில் ஒலிக்கச் செய்தல் கூடாது. தன் நிலத்தில் அந்நியன் புகுந்துவிட்டதாக எண்ணிக் கிவி போரிட ஓடி வரும். அடையில் இருக்கும் ஆண் முட்டையை விட்டு எழுந்துவிடவும் கூடும். இப்பொழுது மனிதரின்றித் தாமே ஒலியைப் பதிவு செய்யும் கருவிகளும் மரங்களில் கட்டப்படுகின்றன. இரவு முழுதும் அவை சலிக்காமல் கேட்கும். எனினும் திசையையும் தூரத்தையும் மதிப்பிடுவதில் பயின்ற ஒரு மனிதக் காது இன்னும் பயனுள்ளதாகவே உள்ளது.

குரல் மறைக்கும் செய்தி

இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. அதனை நன்கு உணர்ந்தவர்களே இதனை நன்கு பயன்படுத்துகின்றனர்.

குரல் கொடுப்பவை தமக்கென நிலம் அமைத்துக்கொண்ட வளர்ந்த பறவைகள். குஞ்சுகளும் இளம் பறவைகளும் குரல் கொடுப்பதில்லை. வளர்ந்த கிவியோ நீண்ட ஆயுளுடையது. இடையூறு இல்லாவிடில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழக்கூடியது. ஆகவே ஓரிடத்தில் பொரிந்த குஞ்சு ஒன்றுகூட உயிர் தப்பாது போயினும், அங்குள்ள கிழப்பறவைகள் ஆண்டுக்கு ஆண்டு அதே குன்றிலிருந்து அதே பலத்தோடு கத்திக்கொண்டிருக்கும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்பவர், கிவி நலமாக இருக்கின்றது என்றே நினைப்பார். பல ஆண்டுகள் கழித்து, சில குளிர்காலங்களுக்குள்ளேயே அக்குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். அப்பொழுது அறிந்து பயனில்லை.

இது வெறும் கற்பனையன்று. 1990-ஆம் ஆண்டுகளில் வானொலிக் கருவி பொருத்திக் குஞ்சுகளைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சிகளால் உண்மை வெளிப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத காடுகளில் பொரியும் நூறு குஞ்சுகளில் ஏறக்குறைய 95 வளர்ச்சியடையும் முன்னரே மடிகின்றன. பெரும்பான்மைக்கும் காரணம் ஸ்டோட் என்னும் சிறு ஊனுண்ணி. நீண்டு மெலிந்த உடலும் குறுகிய கால்களும் கொண்டு, கீரியை நினைவூட்டும் இவ்விலங்கு, 1880-ஆம் ஆண்டுகளில் முயல்களை ஒழிக்கவென்று ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து விடப்பட்டது. அதனைக் கொண்டு வர வேண்டாம் என்று பறவை நூல் அறிந்தவர்கள் அப்பொழுதே எச்சரித்தனர். முயல்கள் ஒழியவில்லை. ஊட்டுவாரின்றித் தானே தரையில் மேயும் கிவிக்குஞ்சு ஸ்டோட்டுக்கு எளிய இரையாயிற்று. உடலெடை ஒரு கிலோகிராமைத் தாண்டும் வரை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம் வரை, குஞ்சு இவ்வபாயத்தில் இருக்கும். அதன் பின் வலிய காலாலும் நகத்தாலும் உதைத்து ஸ்டோட்டை அதனால் விரட்ட முடியும்.

இந்த ஆறு மாதத்தைக் கடத்துவதே 1994-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கருத்து. காட்டிலிருந்து முட்டைகளை எடுத்து வந்து, கருவியில் பொரிக்க வைத்து, பகை விலங்கில்லாத தீவிலோ வேலியிட்ட காட்டிலோ குஞ்சுகளை வளர்த்து, எடை கூடிய பின் பழைய காட்டிலேயே விடுகின்றனர். காட்டில் ஐந்து விழுக்காடு தப்பும் இடத்தில், இம்முறையால் பாதிக்கும் மேற்பட்டவை தப்புகின்றன. ஆயினும் இது செலவு மிகுந்த வழி. ஒரு வட்டாரம் முழுவதிலும் மரப்பெட்டிப் பொறிகளை வைத்து ஸ்டோட்டைக் குறைத்தால், தந்தைப் பறவையே அச்செலவின்றிக் குஞ்சு பொரித்துத் தருகின்றது.

நாயின் செய்தி

ஸ்டோட் குஞ்சைக் கொல்லும். வளர்ந்த பறவையை, அதாவது குரல் கொடுக்கும் பறவையை, கொல்வது பெரும்பாலும் வீட்டு நாய். இங்குதான் வீட்டருகே கிவி வாழ்வதன் சங்கடம் முழுமையாக வெளிப்படுகின்றது.

பறக்கும் பறவையின் மார்பெலும்பில் கப்பலின் அடித்தண்டு போன்ற முகடு ஒன்றுண்டு. பறக்கும் தசைகள் அதில் பற்றியிருக்கும். கிவிக்கு அம்முகடும் இல்லை, அத்தசைகளும் இல்லை. மெல்லிய விலாவுக்குள் இருதயமும் நுரையீரலும் கவசமின்றி உள்ளன. நாய் விளையாட்டாகக் கவ்வினாலும் போதும், பறவை இறந்துவிடும். அத்துடன் கிவியின் உடலுக்கு நாய் எளிதில் மோப்பம் பிடிக்கக்கூடிய பலத்த வாசனை ஒன்றுண்டு. கடிக்கும் வழக்கமில்லாத சாதுவான நாயும் அவ்வாசனையால் கவரப்படும்.

வைத்தாங்கி என்னுமிடத்திலுள்ள பைன் காட்டில் 1987-இல் நிகழ்ந்தது இத்துறையில் உள்ளோர் அனைவரும் அறிந்த செய்தி. நார்த்லாந்தில் கிவிகள் மிக நெருக்கமாக வாழ்ந்த காடுகளுள் அது ஒன்று. மைக்கேல் தபோர்ஸ்கி என்னும் விலங்கியல் ஆராய்ச்சியாளர் அங்கு ஏறக்குறைய இரண்டு டஜன் பறவைகளுக்கு வானொலிக் கருவி பொருத்தி ஆராய்ந்து வந்தார். ஆகஸ்ட் மாதத்தில் அப்பறவைகள் ஒவ்வொன்றாக இறந்து கிடக்கக் காணப்பட்டன. உடல்கள் தின்னப்படவில்லை, கடியுண்ட அடையாளம் மட்டும் இருந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்தில், கருவி பொருத்திய பறவைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை மடிந்தன. செப்டம்பர் இறுதியில் ஓர் அல்சேஷியன் பெண் நாய் சுடப்பட்டது. அதன் கழுத்தில் பட்டை இருந்தது. அதாவது யாரோ வளர்த்த நாய். அன்றோடு சாவு நின்றது. கருவி பொருத்தாத பறவைகளும் அதே விகிதத்தில் இறந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த ஒரே நாய் சுமார் 500 கிவிகளைக் கொன்றிருக்கும் என்று தபோர்ஸ்கி மதிப்பிட்டார். வானொலிக் கருவிகள் இல்லாதிருந்தால், அடுத்த ஆண்டு குரல்கள் குறைந்ததைக் கண்டு மக்கள் வியந்திருப்பர். காரணம் ஒருபோதும் தெரிந்திராது.

நார்த்லாந்தில் வளர்ந்த கிவியின் சராசரி ஆயுள் 14 ஆண்டு அளவே எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. வேறு வட்டாரங்களில் அது முப்பது ஆண்டுக்கும் மேல். இவ்வேறுபாட்டுக்கு நாய்களே முதற் காரணம் என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஆடு மாடுகளை மேய்க்கும் விவசாயிக்கு நாய் இன்றியமையாதது. பன்றி வேட்டைக்காரருக்கும் அவ்வாறே. தம் நாய் அப்படிச் செய்யாது என்று ஒவ்வொருவரும் உளமார நம்புவர். எனவே நாய்களைக் கிவியின் வாசனைக்கு அஞ்சப் பழக்கும் பயிற்சி ஒன்று அங்கு நடைபெறுகின்றது. இறந்த கிவியின் உடலை வழியில் வைத்து, நாய் அதனை முகரும்போது கழுத்துப்பட்டை வழியே சிறிய மின் அதிர்ச்சி தரப்படும். பயிற்சி பெற்ற நாய்க்குச் சான்றிதழும் உண்டு. அதனைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இருப்பினும் பயிற்சி பெற்ற நாயை இரவில் அவிழ்த்து விடலாம் என்று அப்பயிற்சியாளர்களே சொல்வதில்லை. சில புதிய குடியிருப்புகளில் நாயும் பூனையும் வளர்க்கக் கூடாது என்பது வீட்டுமனை விற்பனையிலேயே நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இதனால் மனத்தாங்கல் ஏற்படாமலும் இல்லை.

திரும்பி வரும் குரல்

வாங்கரே ஹெட்ஸ் என்பது வாங்கரே துறைமுகத்தின் வடவாயிலில் உள்ள மலைப்பாங்கான முனை. பள்ளியும், பண்ணைகளும், விடுமுறை வீடுகளும் உள்ள இடம். 2001-ஆம் ஆண்டில் அங்கு எஞ்சியிருந்த கிவிகள் சுமார் 80 என்று மதிப்பிடப்பட்டது. ஊர் மக்கள் கொல்லைப்புறக் கிவி என்னும் பொருளுள்ள பெயரோடு ஒரு திட்டத்தை அமைத்தனர். நிலவுடைமையாளர்களின் இசைவோடு ஸ்டோட் பொறிகள் வைக்கப்பட்டன. துறைமுகத்திலுள்ள மட்டகோஹே என்னும் சிறு தீவில் வளர்ந்த பறவைகள் கொண்டு வந்து விடப்பட்டன. கிவி விடும் நாளில் ஊரார் திரண்டு வந்து பார்த்தனர். நாய்களை இரவில் கட்டி வைக்குமாறு வீடு வீடாகச் சென்று சொல்வதே திட்டத்தின் மிகக் கடினமான பகுதியாக இருந்தது. அது இன்றும் தொடர்கின்றது. இரண்டு பத்தாண்டுகளில் பறவைகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. குரற்கணக்குத் தாள்களிலும் இப்பெருக்கம் தெரிந்தது. மொத்த எண்ணிக்கையைவிட முக்கியமாகக் கருதப்பட்டது வேறொன்று: முன்பு ஒருபோதும் குரல் எழாத திசைகளிலிருந்து குரல்கள் கேட்கத் தொடங்கின. புதிய திசையிலிருந்து வரும் குரல், நிலம் தேடி அமைத்துக்கொண்ட இளம் பறவையினுடையதாகவே பெரும்பாலும் இருக்கும். தாளில் திசையைக் குறிக்கும் சலிப்பான வேலை இங்குதான் பயன் தருகின்றது. மேலே கூறிய குறைக்கு ஓரளவு மாற்றும் அதுவே.

இத்தகைய ஊர்களின் முயற்சியால், பழுப்புக் கிவியும் ரோவியும் 2017-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழிவுக்கு உள்ளாகியவை என்ற நிலையிலிருந்து ஒரு படி குறைந்த அபாய நிலைக்கு மாற்றப்பட்டன. நாட்டில் ஐந்து இனங்களும் சேர்ந்து இன்று ஏறக்குறைய 70,000 பறவைகள் உள்ளன. பொறிகள் இல்லாத காடுகளில் வாழும் கிவிகளோ இன்னும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.

தலைநகரான வெல்லிங்டனில் நிகழ்வது சற்று வேறானது. நகரின் நடுவே, வேலியால் முற்றிலும் சூழப்பட்ட சீலாண்டியா என்னும் பள்ளத்தாக்கில் 2000-ஆம் ஆண்டு முதல் சிறுபுள்ளிக் கிவிகள் வாழ்ந்து வருகின்றன. அவற்றின் குரலை அருகிலுள்ள வீடுகளிலிருந்து கேட்க முடியும். ஆனால் வேலிக்கு வெளியே, மேற்கிலுள்ள மாக்காரா குன்றுகளில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டுக் கிவி இருந்ததில்லை. காற்றாலைகளும் ஆட்டுப் பண்ணைகளும் உள்ள அக்குன்றுகளில், சுமார் 24,000 ஹெக்டேர் பரப்பில் 4,500-க்கும் மேற்பட்ட பொறிகளை வைத்து ஸ்டோட்டுகளைக் குறைத்த பின், 2022-ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதலாகப் பழுப்புக் கிவிகள் விடப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் மேலும் பல கொண்டு வரப்பட்டன. விடுவதற்கு முன்பே அப்பகுதி நாய்களுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. பண்ணை வீடுகளில் வாழ்பவர்கள், பாட்டனார் காலத்திலும் கேட்டிராத சீழ்க்கையைத் தம் வேலிக்கு அப்பால் கேட்டுத் திட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாயினர்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் அக்குன்றுகளில் காட்டிலேயே பொரிந்த குஞ்சுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுக்கு வானொலிக் கருவி பொருத்தி, எடை பார்த்து, அதே இடத்தில் திரும்ப விட்டனர். ஆண் குஞ்சு வளர்ந்து முதிர ஒன்றரை ஆண்டுக்குக் குறையாது; பெண்ணுக்கு மூன்று ஆண்டுக்கு மேலாகும். தமக்கென ஒரு சரிவைப் பிடித்துக்கொண்ட பிறகே அவை குரல் கொடுக்கத் தொடங்கும்.